தசை தளர்த்தி மாத்திரை: எதை ஏழு நாளில் நிறுத்த வேண்டும், எதை ஒரு நாள்கூட விடக் கூடாது

எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று எனக்கு, இடுப்புப் பிடிப்புக்காக எழுதியது. இன்னொன்று அம்மாவுக்கு. பக்கவாதம் வந்த பிறகு அவருடைய இடக்கையும் இடக்காலும் மரக்கட்டை போல விறைத்துக்கொண்டன, அதற்காக எழுதியது. இரண்டையும் வீட்டில் ஒரே பெயரில்தான் சொல்வோம்: "தசை இறுக்கத்துக்கான மாத்திரை."

ஏழு நாளுக்கு எழுதித் தந்த என் மாத்திரையை, வலி திரும்பிவிடுமோ என்ற பயத்தில் ஐந்து வாரம் விழுங்கினேன். நாள் தவறாமல் கொடுக்க வேண்டிய அம்மாவின் மாத்திரையைப் பொங்கல் விடுமுறையில் தீர்ந்துபோக விட்டேன். எனக்கு வயிற்றில் புண் வந்து மலம் கறுத்தது. அம்மாவுக்கு மூன்றாம் நாள் இரவு, அறையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். காய்ச்சலும் நடுக்கமுமாகக் கால்கள் இழுத்துக்கொண்டன. விடியும் முன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்தை மறுபடி தொடங்கிய பிறகு மெல்லத் தெளிந்தார். இப்போது நலமாக இருக்கிறார்.

நான் மருத்துவர் அல்லன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சீட்டைக் கையில் வாங்கிய பின் நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. பிடிப்பா, விறைப்பா என்று முதலில் கேளுங்கள்

தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது, தலையணை மாறிப் படுத்துக் கழுத்து திரும்பாமல் போவது போன்றவை தசைப்பிடிப்பு. பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாகவே குறைந்துவிடும். மருந்து அந்த நாட்களைக் கடத்த உதவுகிறது, அவ்வளவுதான்.

பக்கவாதம், தண்டுவடக் காயம், பிறவியிலேயே வரும் மூளை முடக்குவாதம் போன்றவற்றில் தசைக்குக் கட்டளை அனுப்பும் மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்படுகிறது. தசை ஓயாமல் இறுகியே நிற்கிறது. மருத்துவர்கள் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். நான் விறைப்பு என்று எழுதுகிறேன். இது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மருந்தும் கூடவே நீடிக்கும்.

மருத்துவர் அறையை விட்டு வெளியே வரும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "ஐயா, இது சில நாளில் நிறுத்துகிற மருந்தா, நிறுத்தாமல் தொடர்கிற மருந்தா?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்கத் தவறியது இதைத்தான்.

இணையத்தில் தேடினால் அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் ஊசியாகச் செலுத்தும் வெக்குரோனியம், அட்ராகுரியம் போன்றவையும் தசை தளர்த்தி என்ற இதே பெயரில் வரும். அவை தசையை முழுவதும் செயலிழக்கச் செய்பவை. நம் மாத்திரைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம்.

2. அட்டையைத் திருப்பிச் சிறு எழுத்தைப் படியுங்கள்

மாத்திரையின் வணிகப் பெயரை மறந்துவிடுங்கள். அதன் கீழோ பின்புறமோ பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத் தேடுங்கள். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் வயதானவர்களாலும் படிக்க முடியும்.

பிடிப்புக்கு நம் ஊரில் அதிகம் எழுதப்படுபவை தயோகோல்சிகோசைடு, குளோர்சோக்சாசோன், மெத்தோகார்பமால், சைக்ளோபென்சாப்ரின், எபெரிசோன். விறைப்புக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் பாக்லோஃபென். டிசானிடின், டோல்பெரிசோன் ஆகியவற்றை இரண்டுக்குமே எழுதுகிறார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து "இது குறுகிய கால மருந்துதான்" என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

என்னைப் போலப் பலர் விழும் பள்ளம் அடுத்து வருகிறது. பிடிப்புக்குத் தரப்படும் அட்டையில் தசை தளர்த்தி பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. கூடவே ஒரு வலி நிவாரணியும் இருக்கும். என் மாத்திரையில் தயோகோல்சிகோசைடு 4 மில்லிகிராம், அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம். குளோர்சோக்சாசோன் மாத்திரை என்றால் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும், அதோடு டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ சேர்ந்து வருவது வழக்கம்.

அந்த ஐந்து வாரத்துக்கு நடுவில் எனக்குப் பல் வலி வந்தது. "வேறு வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று பல் மருத்துவர் கேட்டார். "இல்லை, தசை மாத்திரை மட்டும்தான்" என்றேன். மனதார அப்படித்தான் நம்பினேன். அவர் டைக்ளோஃபெனாக் எழுதினார். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வலி நிவாரணிகள் ஒரே நேரத்தில் என் வயிற்றில் இறங்கின. சிறுநீரகத்தையும் இரைப்பையையும் ஒருசேரக் கெடுக்கக்கூடிய கூட்டு இது. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இன்னும் ஆபத்து.

பெயரின் வால் எழுத்தையும் கவனியுங்கள். ஒரே வணிகப் பெயருக்குப் பின்னால் எம்ஆர், டிஎச், எஸ்பி என்று இரண்டு எழுத்து மாறினால் உள்ளிருக்கும் மருந்தே மாறிவிடும். எஸ்பி என்று முடிபவற்றில் பெரும்பாலும் தசை தளர்த்தியே இருக்காது. வீக்கத்துக்கான நொதி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். கடையில் "அதே மாத்திரைதான், வேறு எழுத்து" என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். எஸ்ஆர், இஆர் என்று இருந்தால் மெதுவாகக் கரையும் மாத்திரை. உடைத்தோ பொடித்தோ தரக் கூடாது. விழுங்கச் சிரமப்படும் பக்கவாத நோயாளிகளுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

3. மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பழைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த சிகிச்சைச் சுருக்கம், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை) மற்றும் கல்லீரல் சோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகள். நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, சளி மாத்திரை எல்லாம் இதில் அடக்கம்.

இந்த இரத்தச் சோதனைகள் வீண் செலவு என்று நினைக்காதீர்கள். பாக்லோஃபென் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்குச் சாதாரண அளவே உடலில் தேங்கி, குழப்பத்திலும் ஆழ்ந்த மயக்கத்திலும் கொண்டுபோய் விடலாம். டிசானிடின், குளோர்சோக்சாசோன் இரண்டும் அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கும்.

கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டியவை சில உண்டு. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் டிசானிடினைச் சேர்த்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றும். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கும் டிசானிடினும் ஒன்றாகச் சேரவே கூடாது. டிசானிடினின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதுவது சாதாரணமான ஒன்று. எழுதுபவருக்கு உங்கள் தசை மாத்திரை பற்றித் தெரிந்திருக்காது. கண் நீரழுத்தமோ (கிளாக்கோமா), சிறுநீர் கழிப்பதில் தடையோ, இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் சைக்ளோபென்சாப்ரின் பற்றி எழுதும் முன்பே சொல்லுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. எனக்கு மீந்த மாத்திரைகளில் நான்கைக் கழுத்து வலி என்று சொன்ன என் தங்கைக்குக் கொடுத்தேன். அவள் அப்போது குழந்தைக்காகக் காத்திருந்தாள். தயோகோல்சிகோசைடு உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள், பிரியும் உயிரணுக்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கெடுக்கலாம் என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கருத்தடை முறை எதையும் பின்பற்றாத கருத்தரிக்கும் வயதுப் பெண்கள், 16 வயதுக்குட்பட்டோர் யாருக்கும் தரக் கூடாது. வாய்வழி மாத்திரை என்றால் ஏழு நாள், ஊசி என்றால் ஐந்து நாள்தான் உச்ச வரம்பு. இதைப் படித்த அன்று தங்கையைத் தொலைபேசியில் அழைக்கும்போது என் கை நடுங்கியது. நல்ல வேளை, அவள் இன்னும் ஒன்றையும் போட்டிருக்கவில்லை. மீந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

4. வாங்கும் இடமும் செலவும்

சட்டப்படி இவை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். சீட்டில்லாமல் "இடுப்பு வலிக்கு ரெண்டு வேளைக்கு" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செலவு ஆளுக்கு ஆள் மாறும். என் அனுபவத்தில் ஏழு நாள் பிடிப்பு மாத்திரைக்கு ஆன செலவைவிட, அதைத் தவறாகச் சாப்பிட்டதால் எண்டோஸ்கோபிக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் ஆன செலவு பல மடங்கு. அம்மாவின் பாக்லோஃபென் மாதந்தோறும் வருவது. அங்கேதான் சேமிக்க வழி தேட வேண்டும். மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் தரும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலையை விசாரியுங்கள். கையிருப்பு கடைக்குக் கடை வேறுபடும் என்பதால், தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அரசு மருத்துவமனையில் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் பதிவு செய்துகொண்டால் மருந்து இலவசமாகக் கிடைக்க வழியுண்டு. காலையிலேயே போய்விட வேண்டும், நாள் முழுதும் ஆகும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். அம்மாவுக்கு மாத்திரை தந்த பலனில் பாதியாவது இந்தப் பயிற்சி தந்தது.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். அட்டையில் நான்கு மாத்திரையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பகுதி கடையிலேயே தங்கிவிடும். வெட்டும் முன் முழு அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், தொகுதி எண் அதில்தான் இருக்கும்.

5. முதல் மூன்று நாள்

தசை தளர்த்தி என்ற பெயரைக் கேட்டால் மாத்திரை நேரே தசைக்குப் போய் அதை இளக்குவதாகத் தோன்றும். அப்படி நேரே தசையில் வேலை செய்வது டான்ட்ரோலின் என்ற வேறொரு மருந்து. மேலே சொன்ன மாத்திரைகள் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் தூக்கமும் தள்ளாட்டமும் வருகின்றன.

முதல் மாத்திரையை வேலைக்குக் கிளம்பும் முன் போடாதீர்கள். இரவில் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் உடல் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை இருசக்கர வாகனத்தைத் தொடாதீர்கள். மது அறவே கூடாது. தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், ட்ரமடால் போன்ற வலி மருந்துகள் இவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பிடிப்பு மாத்திரைகளைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. காரணம், இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது. தாத்தா பாட்டிக்கு எழுதியிருந்தால், இது அவசியந்தானா என்று ஒருமுறை பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். அந்த நாட்களில் யாராவது பக்கத்தில் படுங்கள்.

டிசானிடின் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உணவோடு போடுவதும் வெறும் வயிற்றில் போடுவதும் அதன் அளவை மாற்றும். ஒரு முறையைத் தேர்ந்தால் தினமும் அதையே பின்பற்றுங்கள். குளோர்சோக்சாசோன் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கலாம். மெத்தோகார்பமால் பழுப்பாகவோ பச்சையாகவோ மாற்றலாம். அதற்கு மட்டும் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, பசியில்லாமல், சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் அது கல்லீரல் பிரச்சினையாக இருக்கலாம். மாத்திரையோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

6. பிடிப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது

எழுதிய நாள் முடிந்ததும். வலி கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நீங்களாக நீட்டிக்காதீர்கள்; திரும்பப் போய்க் காட்டுங்கள். சைக்ளோபென்சாப்ரினுக்கே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதலில் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைச் செய்து பார்க்கலாம், மருந்து வேண்டுமென்றால் மட்டும் வலி நிவாரணியோ தசை தளர்த்தியோ தரலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் 2017-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்காமல் முடிந்த அளவு நடமாடுவதும் முக்கியம். நான் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்து இடுப்பை இன்னும் கெடுத்துக்கொண்டேன்.

7. பாக்லோஃபெனை ஒரு நாளும் விடாதீர்கள்

இந்தப் பகுதிக்காகவே மற்றதையெல்லாம் எழுதினேன். வீட்டில் பக்கவாதமோ தண்டுவடக் காயமோ உள்ளவர் இருந்தால் இதைச் சேர்ந்து படியுங்கள்.

பாக்லோஃபெனைச் சிறு அளவில் தொடங்கிச் சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்கம் 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை. ஏற்றியது போலவே இறக்குவதும் படிப்படியாகத்தான் நடக்க வேண்டும். திடீரென்று நின்றால் விறைப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும்; மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், வலிப்பு வரை போகலாம். டிசானிடினை அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும்.

அம்மாவின் மாத்திரை தீர்ந்தது போகிப் பண்டிகை அன்று. வழக்கமான கடை மூடியிருந்தது. திறந்திருந்த இரண்டு கடைகளில் இருப்பு இல்லை. "நான்கு நாள்தானே, பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ளலாம்" என்றேன். அவர் அதுவரை எட்டு மாதம் தவறாமல் எடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இப்போது வீட்டில் நாங்கள் செய்வது இதுதான். பத்து நாள் மாத்திரையை ஒரு தனி டப்பாவில் போட்டு, மேலே "இதைத் தொட்டால் உடனே வாங்கு" என்று எழுதி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை டப்பாவில் இருப்பதைப் புதிதாக வாங்கியதோடு மாற்றிக்கொள்கிறோம், தேதி கடந்துவிடாமல் இருக்க. தீபாவளி, பொங்கல், தேர்தல் நாள், வெளியூர்ப் பயணம் எதுவானாலும் ஒரு வாரம் முன்பே இருப்பை எண்ணுகிறோம். பயணத்தில் பாதி மாத்திரை கைப்பையில், பாதி பெட்டியில். மருத்துவமனையில் வேறு காரணத்துக்காகச் சேர்த்தாலும் முதல் கேள்விக்கு முன்பே "பாக்லோஃபென் எடுக்கிறார், நிறுத்தக் கூடாதாம்" என்று செவிலியரிடம் சொல்லிவிடுகிறோம். அறுவைக்காக வாய்வழி எதுவும் கூடாது என்று சொன்னால், இந்த மருந்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுதி வாங்குகிறோம்.

மாத்திரையைக் கூட்டினால் இன்னும் நன்றாக இளகும் என்று நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். சிலருக்கு அந்தக் கால் விறைப்புதான் நிற்க உதவும் ஊன்றுகோல். அளவு மீறினால் கால் துவண்டு, முன்பு நடந்தவரும் உட்கார்ந்துவிடுவார். அளவு மாறும் ஒவ்வொரு முறையும் எத்தனை அடி நடந்தார், கையை எவ்வளவு விரித்தார், பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் நரம்பியல் மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் மதிய வேளை அளவைக் குறைத்தார். ஒரு கையோ ஒரு காலோ மட்டும் விறைத்திருந்தால் விறைத்த தசையிலேயே போடும் போட்டுலினம் ஊசி பற்றிக் கேளுங்கள். அதன் பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும். விலை அதிகம்.

8. காத்திருக்காமல் கிளம்ப வேண்டிய நேரம்

இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் போனால், அல்லது தெரியாமல் கழிந்தால், தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், கால் பலமிழந்தால், மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள். நரம்பு நசுங்கியிருக்கலாம், சில மணி நேரத்துக்குள் அறுவை தேவைப்படலாம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விபத்துக்குப் பின் வரும் வலி, புற்றுநோய் சிகிச்சை பெற்றவருக்கு வரும் வலி ஆகியவற்றுக்கும் அன்றே காட்டுங்கள். மாத்திரை போட்டபின் உதடு, முகம் வீங்கினாலும், மூச்சு திணறினாலும், எழுப்பியும் எழாமல் தூங்கினாலும், மலம் தார் போலக் கறுத்தாலும் 108-ஐ அழையுங்கள். அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பக்க விளைவு என்று சந்தேகித்தால் அதைப் பதிவு செய்யவும் வழியிருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024, நோயாளியே அழைக்கலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், தொடங்கிய தேதி, தொந்தரவு வந்த தேதி இவற்றைக் கேட்பார்கள். ரசீதையும் அட்டையின் படத்தையும் அருகில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.